நாற்பது வாசனைகள்: சுரண்டி முகரும் சோதனைப் புத்தகம்

மும்பை மாதுங்காவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்து இந்த முகர்வுச் சோதனையைச் செய்து பார்த்தோம்: மாமா, அண்ணா, நான். அமெரிக்காவிலிருந்து ஒரு தோழி வாங்கி வந்தது. 4 சிறு புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் 10 வாசனைகள். பக்கத்தில் உள்ள பட்டையைப் பென்சிலால் சுரண்டி முகர்ந்து, நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். தெரியாவிட்டாலும் குறித்தே தீர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே ஏறக்குறைய 10 கிடைத்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசனைகள் பல நம் மூக்குக்கு அந்நியமானவை. ரூட் பீரை நாங்கள் எங்கே குடித்தோம்? அதில் மூவருமே தோற்றோம்.

மாமாவுக்கு 68 வயது, பார்க்கின்சன் நோய். கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருக்கு முகர்வு குறைந்துவிட்டது; ரசத்தில் பெருங்காயமே இல்லை என்று மாமியைக் கடிந்துகொள்வார். பாவம் மாமி, கட்டி கட்டியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமாவுக்குக் கிடைத்தது 13. "கற்பூரம் எனக்குத் தெரிகிறதே" என்றார். அது மூக்கில் ஏறும் குளிர்ச்சி. அதை உணர்வது வேறு நரம்பு. வீட்டில் யாரையாவது சோதிக்க நினைத்தால் கற்பூரத்தை விட்டுவிட்டுக் காப்பிப் பொடியை நீட்டுங்கள்.

அண்ணாவுக்கும் பார்க்கின்சன்தான்; 33 வயதிலேயே கால் இழுக்கத் தொடங்கியது. பார்க்கின் என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் கோளாறு. அவன் 31 எடுத்தான். நான் 32.

அந்த 32-க்காகத்தான் இதை வரவழைத்தேன். உடன்பிறந்தவளான எனக்கும் இரண்டு பிரதிகளிலும் அந்தக் கோளாறு இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. முகர்வு நன்றாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நம்பினேன். நரம்பியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: பார்க்கின் வகையில் முகர்வு பெரும்பாலும் கெடுவதில்லை. இந்த நோயோடு தொடர்புள்ள இன்னொரு மரபணுவான எல்ஆர்ஆர்கே2 வகையிலும் பலருக்கு அது தப்பிவிடுகிறது. ஜிபிஏ என்ற மற்றொரு மரபணு வகையில்தான் மாமாவைப் போலவே வாசனை போய்விடுகிறது. அண்ணாவே 31 எடுத்திருக்கும்போது என் 32 எதைச் சொல்லும்? எங்களைப் போன்ற குடும்பங்கள் இந்த மதிப்பெண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

மாமாவுக்கு மட்டும் இது பெரிய உதவி செய்தது. எரிவாயு வாசனைப் பக்கத்தில் அவர் வேறெதையோ குறித்ததைப் பார்த்து மாமி பதறிப்போனாள். மறுநாளே அவர்கள் சமையலறையில் எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவியைப் பொருத்தினோம்.

நான் மரபணு ஆலோசனைக்கு நாள் வாங்கியிருக்கிறேன். அண்ணா உடன் வருகிறான்.