அசிட்டோனா, நீலகிரித் தைலமா? ஃபைபர் படகின் கறைக்கு எது தேவலாம்

போன வருஷம் பழைய ஃபைபர் படகு ஒன்று கைக்கு வந்தது. முன்பு வைத்திருந்தவர் அணியத்தின் (படகின் முன்பகுதி) இரண்டு பக்கமும் முழ நீளத்துக்குக் கழுகு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். வெயிலில் காய்ந்து அப்பளமாக நொறுங்கியது ஸ்டிக்கர். பசை மட்டும் அப்படியே தங்கி, அதில் மணலும் டீசல் புகையும் அப்பிக் கிடந்தது. போதாததற்கு, போல்ட்டுகளுக்குக் கீழே துரு ஒழுகிய கோடுகள், நீர்மட்டத்தில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு பட்டை.

கரையில் ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து மருந்து. ஃபைபர் வேலை செய்கிற அண்ணன் ஒருவர்தான் வேறு மாதிரி கேட்டார்: "தம்பி, கறையை எடுக்கணுமா, இல்ல ஜெல்கோட்டை எடுக்கணுமா?" படகின் மேல் பளபளக்கும் ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அது தேய்ந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை தண்ணீர் பார்க்கும். அதனால் எது வேகமாகக் கறையை எடுக்கிறது என்பதைவிட, எடுத்த பிறகு படகில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் பசை. போட்டியில் முன்னால் நிற்பது அசிட்டோன். ரெசின் பிரஷ் கழுவ ஃபைபர் பட்டறைகளில் இருப்பதுதான். பசையை நொடியில் கரைக்கும், எண்ணெய்ப் பிசுக்கு விடாது. நன்றாக இறுகிய ஜெல்கோட்டை ஒரு துடைப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் ஊறவைத்தால் இளக்கிவிடும். ஜெல்கோட்டுக்கு மேலே யாராவது பெயின்ட் அடித்திருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுபோகும். மறைவான இடத்தில் அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அது பெயின்ட். அசிட்டோன் பாட்டிலை மூடிவிடலாம். நான் இதைப் பார்க்காமல் இழுத்ததில் பதிவு எண்ணின் கடைசி இலக்கம் பாதி போய்விட்டது. இன்னொன்று, அது 56 டிகிரியில் கொதிக்கும் சரக்கு. வெயிலில் சுட்ட படகில் ஊற்றினால் பசையைத் தொடுமுன் ஆவியாகிவிடும். நிழலில், காற்றோட்டத்தில், பீடியும் எஞ்சினும் அணைந்திருக்கும்போதுதான் அதற்கு வேலை. பெயின்டை இளக்கப் பயன்படும் என்சி தின்னருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். பெட்ரோல் என்று சொல்பவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதிரணியில் மண்ணெண்ணெய், அது கிடைக்காத ஊரில் பெயின்ட் கடை டர்பன்டைன். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் ஜெல்கோட்டைக் கடிக்காது. பனியன் வேஸ்ட்டை நனைத்துப் பசை மேல் கால் மணி நேரம் ஒட்டிவைத்தால் பசை ஜெல்லி போல உருண்டு வரும். பிறகு பிளாஸ்டிக் கரண்டியோ பழைய ஏடிஎம் கார்டோ போதும். பிளேடு வேண்டாம், கோடு விழும்.

நீலகிரித் தைலத்தை நான் நம்பவில்லை. வீட்டில் தலைவலிக்கு வைத்திருந்ததைச் சும்மா தடவிப் பார்த்தேன். டர்பன்டைனைவிடச் சுத்தமாக எடுத்தது. உள்ளங்கை அளவுப் பசைக்கு என் ஓட்டு அதற்குத்தான். முழ நீளக் கழுகுக்கு ஊற்றினால் பர்ஸ் காலி. தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், ராத்திரி முழுக்க ஊறவிடப் பொறுமை இருந்தால். எந்த எண்ணெயானாலும் கடைசியில் சோப்புத் தண்ணீரால் கழுவாவிட்டால் அடுத்த பெயின்ட் ஒட்டாது.

நான் கடைசியில் பிடித்த வழி இது: உச்சிவெயிலில் ஸ்டிக்கரை உரிப்பது, சாயங்காலம் டர்பன்டைன், மறுநாள் காலையில் அசிட்டோன் தொட்ட துணியால் ஒரே ஒரு துடைப்பு.

துருவுக்கு இதெல்லாம் உதவாது. டாய்லெட் கிளீனர் ஊற்றச் சொல்வார்கள். கறை போகும், பொய்யில்லை. ஆனால் அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அலுமினியம், துத்தநாகம் பூசிய இரும்பு, ஸ்டெயின்லெஸ் போல்ட் எல்லாவற்றையும் அரிக்கும். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசல் கலந்துவிட்டால் குளோரின் வாயு, அது விளையாட்டல்ல. எலுமிச்சை புதுத் துருவுக்கு மட்டும்.

நான் கை காட்டுவது மார்பிள் பாலீஷ் போடுபவர்கள் வைத்திருக்கும் ஆக்ஸாலிக் ஆசிட் பவுடரை. லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம். செங்குத்தான பக்கத்தில் வழியாமல் நிற்க, மைதா கஞ்சியில் கலந்து பூசினேன். பத்து நிமிஷத்தில் காவி நிறம் வெளிறுவது கண்ணுக்கே தெரிந்தது. தேய்க்கவே வேண்டியதில்லை, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் சரி. அந்த டிகாக்‌ஷன் பட்டையும் இதிலேயே போனது. அலையாத்திக் காட்டுப் பக்கம் கிடந்த படகுகளுக்கு இலையும் பட்டையும் ஊறிய தண்ணீர் ஏற்றும் நிறம் அது. ஆக்ஸாலிக் விஷம் என்பதை மறக்காதீர்கள்: கையுறை கட்டாயம், மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பழைய இரும்பு போல்ட்டை மாற்றாவிட்டால் அடுத்த மழைக்குக் கோடு திரும்ப வரும்.

கம்பி நாரால் தேய்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு மூலையில் செய்து பார்த்தேன். அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. இரண்டு வாரத்தில் அந்த இடம் முழுக்க மிளகு தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். நாரின் துணுக்குகள் தங்கித் துருப்பிடித்திருந்தன.

எல்லாம் முடிந்து கழுவிக் காய்ந்த பிறகு பார்த்தால், பசை சுத்தமாகப் போன இடத்தில் கழுகு இன்னும் இருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் படகின் நீலம் வெளுக்காமல் இருந்திருக்கிறது. சுற்றி மட்டும்தான் வெளுத்திருக்கிறது. அதற்கு எந்தத் திரவமும் கிடையாது. 1500 நம்பர் வாட்டர் பேப்பரும் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ரப்பிங் காம்பவுண்டும் (மெருகேற்றும் பசை) போட்டு வெளுத்த பக்கத்தைத்தான் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். இடது பக்கம் தேய்த்தேன், தோள்பட்டை போயிற்று. வலது பக்கக் கழுகு இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறது.