கல்வியில் தொலைத்தொடர்பு: படித்து முடித்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

"அக்கா, அந்தத் தொலைத்தொடர்புப் படிப்பில் சேரலாமா?" என்று இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஆசிரியைகள் மூன்று பேர் இந்த ஆண்டு என்னிடம் கேட்டுவிட்டார்கள். வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி, இணையம் வழியாகப் பாடம் நடத்துவதைப் பற்றிய படிப்பு அது. ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். 2021-ல் சேர்ந்தேன், 2022 கடைசியில் முடித்தேன். வார நாட்களில் சாட்ஸ்வர்த்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். சனிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு. இரண்டு இடத்திலும் அந்தப் படிப்பு இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது. குறைகளையும் சொல்லப் போவதால் பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிடுகிறேன்.

சேர்ந்ததற்குக் காரணம் 2020. மார்ச் 18 அன்று பள்ளிகள் மூடின. தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேருக்கும் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பத் தொடங்கினேன். ஏழு பேரிடமிருந்து சத்தமே இல்லை. பாடம் போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் புரியவில்லையா, வீட்டில் இருக்கிற ஒரே ஃபோனை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டாரா? எதுவும் தெரியாமல் அடுத்த பாடத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அது என்னைத் தூங்க விடவில்லை.

படிப்பின் முதல் பகுதி வரலாறு. தொலைநிலைக் கல்வியை 1946-லேயே தொடங்கிய யுனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) இருக்கிற நாடு நம்முடையது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே படித்து 1989-ல் அங்கேதான் சட்டப் பட்டம் பெற்றார். தொலைக்காட்சியோ இங்கே 1976 ஜனவரியில்தான் முறையாகத் தொடங்கியது. இதெல்லாம் கேட்க நன்றாக இருந்தது, ஆனால் வகுப்பில் பயன்படுத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

என்னை உட்காரவைத்தது அடுத்தடுத்து வந்த இரண்டு உதாரணங்கள். முதலாவது, செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி காட்ட இந்தியாவில் 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு நடந்த 'சைட்' சோதனை. அமெரிக்கா கொடுத்த ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள், ஆறு மாநிலங்கள், ஏறத்தாழ 2,400 கிராமங்கள். ஊர்ப் பொது இடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, அதற்குக் கம்பிவலையில் செய்த வட்ட ஆன்டெனா. அகமதாபாத்திலிருந்தும் டெல்லியிலிருந்தும் மேலே போன நிகழ்ச்சி கிராமத்தில் இறங்கியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் பெட்டி முன்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் அது மேலே ஏறிப் போக வழி கிடையாது.

இரண்டாவது, நிகராகுவாவில் 1974-ல் தொடங்கிய வானொலிக் கணக்குப் பாடம். வானொலியும் ஒருவழிதான். ஆனாலும் பாடத்தை எழுதியவர்கள் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் சில நொடி மௌனம் விட்டார்கள். பிள்ளைகள் வாய்விட்டு விடை சொல்வார்கள், பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். வகுப்பறைகளில் உட்கார்ந்து பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பாடங்களைத் திருத்தினார்கள். மலிவான கருவியை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பேசவைத்துவிட்டார்கள்!

அன்றிலிருந்து எந்தக் கருவியைக் காட்டினாலும் நான் கேட்பது ஒன்றைத்தான்: பிள்ளையின் குரல் என்னிடம் எப்படித் திரும்பி வரும்? படிப்பு எனக்குக் கொடுத்த பெரிய சொத்து இந்தக் கேள்வி.

இயற்பியல் ஆசிரியைக்குப் பிடித்த பயிற்சி ஒன்றும் இருந்தது. பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிகிற புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. குரல் ஏறி இறங்கக் கால் நொடி ஆகும். கேள்வி போய் விடை வர அரை நொடி. எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, இணைப்பில் அந்த அரை நொடியைச் செயற்கையாகப் போட்டுப் பேசச் சொன்னார்கள். ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் தொடங்கினோம், பிறகு இருவரும் ஒன்றாக நிறுத்தினோம். பத்து நிமிடத்தில் களைத்துப்போனோம். அதற்கப்புறம் என் ஆன்லைன் வகுப்புகளில் "யாருக்குத் தெரியும்?" என்று பொதுவில் கேட்பதை விட்டேன். முதலில் பிள்ளையின் பெயர், பிறகு கேள்வி, பிறகு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுவது. கூச்சமுள்ள பிள்ளைகள் நான்காவது எண்ணில்தான் வாய் திறக்கிறார்கள்.

கோட்பாட்டுப் பகுதியில் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-ல் எழுதிய வாதத்தை நிறைய விவாதித்தோம். ஊடகம் என்பது சரக்கு வண்டி மாதிரி, வண்டியால் மளிகைச் சாமானின் சத்து கூடிவிடாது என்பது அவர் கருத்து. பாதிக்கு நான் உடன்படுகிறேன். பத்தாயிரம் ராண்டுக்கு டேப்லெட் வாங்கிவிட்டால் பாடம் நன்றாகிவிடும் என்று நம்புகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். ஆனால் வண்டி வெறுமனே திரும்புகிறதா, பிள்ளையின் கேள்வியை ஏற்றிக்கொண்டு திரும்புகிறதா என்பதில் வண்டிக்கு வண்டி வித்தியாசம் இருக்கிறது. என் இறுதிக் கட்டுரையில் அதைத்தான் எழுதினேன்.

செய்முறைத் திட்டம் தமிழ் வகுப்பை வைத்துச் செய்தேன். இங்கே நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் அவர்களுக்குத் தேவாரத்திலும் காவடியிலும் பாட்டியின் வாயிலும் இருக்கிறது. ழ, ள, ல மூன்றும் ஒன்றாகக் கேட்கிற பிள்ளைகளுக்குத் தொலைவிலிருந்து உச்சரிப்புச் சொல்லித்தர முடியுமா? பழைய தொலைபேசி இணைப்பு 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் கடத்தும். 'ஸ' போன்ற ஒலியின் பலம் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் அது மங்கிப்போகும். ழ-வை அடையாளம் காட்டுகிற அதிர்வுகளோ அந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே சாதாரண ஃபோன் அழைப்பிலேயே ழ சொல்லித்தரலாம் என்ற எண்ணத்தோடு செய்து பார்த்தேன். ஒன்பது வாரம், பதினொரு பிள்ளைகள், ஆளுக்கு வாரம் ஏழு நிமிடம். மழை, பழம், கிழவி. நாக்கை மடக்கு, மேலே தொடாதே, விடு. பிள்ளைகளின் காது நான் எதிர்பார்த்ததைவிடக் கூர்மை. ஒன்பதாவது வாரம் எட்டுப் பேர் மூன்றையும் பிரித்துச் சொன்னார்கள். இவ்வளவு சிறிய முயற்சியை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று விரிவுரையாளர் எழுதியது நியாயம்தான். நான் மட்டும் அந்த எட்டுக் குரல்களையும் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இனி குறைகள். வாராவாரம் வந்த விரிவுரைக் காணொளி ஒவ்வொன்றும் நானூறு மெகாபைட்டுக்குக் குறையாது. ஒலி மட்டும் தனியாகக் கொடுத்திருக்கலாம். பேச்சை நொடிக்கு 16 கிலோபிட் அளவில் சுருக்கினால் ஒரு நிமிடத்துக்கு 120 கிலோபைட் போதும் என்று கணக்குப் போட வைத்ததே அந்தப் படிப்புதான். என்னோடு படித்தவர்களில் கிராமப்புற ஆசிரியர்கள் டேட்டா வாங்கியே நொந்துபோனார்கள். இரண்டு பேர் பாதியில் நின்றார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒப்படைப்புக்குக் கருத்து வர ஐந்து வாரம்வரை ஆனது. முதல் ஒப்படைப்பின் தவறு தெரியாமல் இரண்டாவதிலும் அதையே செய்தேன். தமிழ் எழுத்தில் ஏற்றிய பதிவுத்தாள்கள் அவர்கள் தளத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. கடைசியில் படமாக மாற்றித்தான் அனுப்பினேன்.

மின்வெட்டைப் பற்றிப் பாடத்தில் ஒரு பக்கம்கூட இல்லாதது பெரிய குறை. அந்த ஆண்டுகளில் இங்கே லோட் ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) என்றால் மின்சாரம் மட்டும் போகவில்லை. திரும்பத் திரும்ப நிறுத்தியபோது டவரின் பேட்டரி ஏற நேரம் கிடைக்காமல் சிக்னலும் போனது. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது எங்கள் பகுதியில் நான்கு நாள் இணைப்பு இல்லை. ஐந்தாம் நாள் மாலை ஃபோன் அதிரத் தொடங்கியது. பிள்ளைகள் அந்த நான்கு நாளும் பதிவுசெய்து வைத்திருந்த முப்பத்தொரு வாய்ஸ் நோட்டுகள் ஒரே மூச்சில் வந்து இறங்கின. உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். உடனே போகாவிட்டாலும் காத்திருந்து போய்ச் சேருகிற வழி ஒன்று வகுப்புக்குக் கட்டாயம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது நேரலை வகுப்பு இரண்டாம் பட்சம். நான்கு நொடி மௌனம் விட்ட வாய்ஸ் நோட்டுதான் முதல்.

சட்டப் பகுதி சலிப்பு, ஆனால் அதிலிருந்து ஒரு தகவல் பள்ளிக்குப் பயன்பட்டது. 2005-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம் அரசுப் பள்ளிகளுக்கு இணையக் கட்டணத்தில் குறைந்தது 50 சதவீதம் தள்ளுபடி தரச் சொல்கிறது. எங்கள் அலுவலகத்தில் அதுவரை யாரும் கேட்டதே இல்லை. பிரிவு 73 என்று எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதிய பிறகுதான் பேச்சே தொடங்கியது.

கடலடிக் கேபிள் பாடத்தை நான் சனிக்கிழமை வகுப்புக்கே கொண்டுபோனேன். 2002-ல் செயல்படத் தொடங்கிய சேஃப் என்ற தொலைத்தொடர்புக் கேபிள் நமக்கு வடக்கே மட்டுன்சினி என்ற கடலோர ஊரில் கரையேறி, ரீயூனியன், மொரிஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிறது. பிள்ளைகள் அதை வரைபடத்தில் நீலத்தில் வரைந்தார்கள். பக்கத்திலேயே 1860-ல் மெட்ராஸிலிருந்து நம்மவர்களை ஒப்பந்தத் தொழிலாளிகளாக ஏற்றிக்கொண்டு நவம்பர் 16 அன்று இங்கே வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலின் வழியைச் சிவப்பில் வரைந்தார்கள். அந்தத் தாள் இன்னும் மண்டபச் சுவரில் இருக்கிறது.

சேரலாமா என்றால், ஏற்கெனவே வகுப்பு நடத்துகிறவர்கள் சேரலாம். சோதித்துப் பார்க்கப் பிள்ளைகள் இல்லாமல் படித்தால் பாதி வீண். மென்பொருள் கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். பணம் கட்டும் முன்பு ஒப்படைப்புக் கருத்து எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஒலி மட்டும் தனியாகத் தருவார்களா என்றும் கேளுங்கள். என் குறிப்புகளும், மௌனம் விட்டுப் பதிவுசெய்த ழ பாடங்களும் வேண்டுமென்றால் சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பிறகு மண்டபத்துக்கு வாருங்கள். ஒரு மெமரி ஸ்டிக் கொண்டுவந்தால் போதும்.