இடித்தவர் 'நானே கட்டிவிடுகிறேன்' என்றால் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

மூன்று மாதத்துக்கு முன்பு, சிக்னலில் நின்றிருந்த என் காரின் பின்னால் இன்னொரு கார் வந்து மோதியது. தவறு யாருடையது என்பதில் வாக்குவாதமே இல்லை. அவரே இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார், என் மனைவிக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்தப் பணிவைப் பார்த்துத்தான் நான் அவரை நம்பினேன்.

இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். போனில் ஒரு படத்தைக் காட்டினார். கம்பெனி பெயரும் வண்டி எண்ணும் இருந்தன. பாலிசி எந்தத் தேதி வரை என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. "கிளெய்ம் போட்டால் உங்களுக்கும் அலைச்சல், எனக்கும் அலைச்சல். என்ன செலவானாலும் நானே கட்டிவிடுகிறேன் சார்" என்றார். வெளியே பார்த்தால் பம்பரில் ஒரு கீறல், லேசான நசுங்கல், அவ்வளவுதான். கையிலிருந்த பணத்தைக் கொடுத்தார், மீதி நாளைக்கு என்றார். கிளம்பும்போது ஒரு தாளில் இரண்டு வரி எழுதி நீட்டினார். 'இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டோம், இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.' பணம் கொடுத்ததற்கு அத்தாட்சி என்றார். கையெழுத்துப் போட்டேன். தாளை அவரே மடித்து எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஒர்க்ஷாப்பில் பம்பரைக் கழற்றினார்கள். பிளாஸ்டிக் பம்பர் அடிபட்டாலும் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம் அப்படித் திரும்பாது. சட்டம் வளைந்து, டிக்கியின் தரை மடிந்திருந்தது. பார்க்கிங் சென்சார்களும் போய்விட்டன. எஸ்டிமேட்டில் கால் பங்குகூட அவர் கொடுத்ததில் அடங்கவில்லை. அன்று இரவே என் மனைவிக்குக் கழுத்து வலி தொடங்கியது. இப்படிப் பின்னாலிருந்து இடிபட்டால் கழுத்து வலி உடனே தெரியாமல் ஒரு நாள் கழித்துக்கூட வரலாம் என்று டாக்டர் சொன்னார். இடித்தவரைக் கூப்பிட்டால் இரண்டு நாள் 'நாளைக்கு' என்றார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

சரி, நமக்குத்தான் முழு பாலிசி இருக்கிறதே என்று என் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனேன். யார் மேல் தவறு என்றாலும் என் வண்டியின் சேதத்துக்கு அது பணம் தரும். எனக்குக் கிடைக்கவில்லை. கம்பெனியிலிருந்து விசாரித்தபோது, என் போனை எடுக்காத அதே ஆள் அந்தத் தாளைப் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்பிவிட்டார். அவருடைய பாலிசி விபத்துக்கு ஐந்து மாதம் முன்பே காலாவதியாகியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

நான் செய்த தவறை விளக்கியவர் அங்கிருந்த ஓர் அலுவலர். நமக்குப் பணம் கொடுத்த பிறகு, இடித்தவரிடமிருந்து அதை வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு வந்துவிடும். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று நான் எழுதிக் கொடுத்ததால், கம்பெனிக்கு வசூலிக்க வழியில்லாமல் போய்விட்டது. எங்களைக் கேட்காமல் யாரோடும் சமரசம் செய்யக் கூடாது என்று பெரும்பாலான பாலிசிகளில் ஒரு நிபந்தனை உண்டு. என்னுடையதிலும் இருந்தது. பாலிசி எடுத்து நாலு வருடத்தில் அதை ஒருமுறைகூட நான் படித்ததில்லை.

போலீஸுக்குச் சொன்னால் பாவம், அந்த மனிதர் சிக்கலில் மாட்டுவார் என்று நினைத்தேன். அப்படி நினைக்காதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் போலீஸ் பதிவு ஒன்றுதான் உங்களுக்கு முதல் ஆதாரம். எதிராளியின் பாலிசித் தேதி, லைசென்ஸ், நம்பர் பிளேட், இரண்டு வண்டியும் நின்ற நிலை, எல்லாவற்றையும் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே படம் எடுங்கள். உங்கள் கம்பெனிக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அது நீங்கள் பிறருக்குச் செய்யும் சேதத்துக்குத்தான், உங்கள் வண்டிக்கு ஒன்றும் தராது. இடித்தவருக்கும் பாலிசி இல்லையென்றால் பெரும்பாலும் வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். சில நாடுகளில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. பிரிட்டனில் இன்சூரன்ஸ் இல்லாத ஓட்டுநரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் 'மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோ' 1946 முதல் இருக்கிறது. அமெரிக்காவில் இதற்குத் தனிப் பாதுகாப்பே பாலிசியோடு சேர்த்து விற்கிறார்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன உண்டு என்று இடிபடுவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

இப்போது வழக்குப் போட்டிருக்கிறேன். உள்ளே இருந்த சேதம் தெரியாத நிலையில் வாங்கிய கையெழுத்து என்று வாதாடிப் பார்க்கலாம், உறுதி தர முடியாது என்கிறார் வக்கீல். சிக்னலில் என் மனைவி எடுத்த ஒரு படத்தில் அவருடைய நம்பர் பிளேட்டும் எங்கள் பம்பரும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. எங்களிடம் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான்.