மாலத்தீவுப் பசுமை ரிசார்ட்: முன்வாசலும் பின்வாசலும்

மாலத்தீவில் பா அட்டோல் (வளையமாக அமைந்த பவளத் தீவுக் கூட்டம்) பக்கம் இருக்கும் ஒரு 'பசுமை' ரிசார்ட்டில் ஆகஸ்ட் மாதம் நானும் எங்க வீட்டுக்காரரும் தங்கிவிட்டு வந்தோம். துபாயில் வேலை பார்க்கும் மகள் எங்கள் கல்யாண நாளுக்காக ஏற்பாடு செய்து கொடுத்தாள். மதிப்பெண் போடுவதென்றால் கடலுக்குப் பத்துக்குப் பத்து. சாப்பாட்டுக்கு ஐந்து. பசுமைக்கு எவ்வளவு போடுவது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. குறைகளும் வரப்போவதால் ரிசார்ட்டின் பெயரை விட்டுவிடுகிறேன். அந்த அட்டோலில் இதே ரகத்தில் இன்னும் பல இருக்கின்றன, விசாரிக்க வேண்டியவை எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

தூத்துக்குடியில் எங்களுக்குக் கிளியரிங் ஆபீஸ். மாலத்தீவுத் தலைநகர் மாலேக்குப் போகும் வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கெல்லாம் சுங்கத்தில் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிப் பத்திரம்) போடுவதுதான் பிழைப்பு. 2024-இல் அரிசி, சர்க்கரை, பருப்பு, முட்டை, வெங்காயம் எல்லாம் மாலத்தீவுக்கு அனுப்ப இந்தியா தனி ஒதுக்கீடு கொடுத்தபோது, எங்கெங்கே இருந்து ஏற்றலாம் என்று நான்கே இடங்களைக் குறித்தார்கள். அதில் எங்கள் துறைமுகமும் ஒன்று. ஆகவே அந்தத் தீவுகளில் அதிகம் ஒன்றும் விளையாது, எதுவானாலும் யாரோ ஏற்றி யாரோ இறக்கித்தான் வரும் என்பது எனக்கு மனப்பாடம். வில்லாவுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் கட்டிலைப் பார்ப்பார்கள். எனக்கு ஸ்டோர் ரூம் எங்கே என்றுதான் கண் தேடும்.

முதலில் பணம். அறை ஒரு இரவுக்கு 800 டாலர் என்று போட்டிருந்தால் அதை நம்பி உட்கார வேண்டாம். அதன் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் 17 சதவீதம் சுற்றுலா ஜி.எஸ்.டி., அப்புறம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி. இந்த வரி 2024 வரை 6 டாலராக இருந்தது, 2025 ஜனவரியில் இரட்டிப்பாக்கிவிட்டார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கு ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். கடல் விமானத்துக்குத் தனி. போகவர ஆளுக்கு ஐந்நூறு டாலருக்கு மேல் ஆனது. மகள் பில்லைக் காட்டவே மாட்டேன் என்றாள். கணக்கு எழுதும் அம்மாவிடம் அதெல்லாம் நடக்குமா?

போவது சிரமமில்லை. திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஒன்றரை மணி நேரத்துக்குள். விசா இறங்கும் இடத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள், கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும். கடல் விமானம் மட்டும் வெளிச்சம் இருக்கும்போதுதான் பறக்கும். சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்றைய இரவு அங்கேயே தங்க வேண்டியதுதான், அந்த அறை வாடகையும் உங்கள் தலையில். டிக்கெட் போடும்போதே காலை விமானமாகப் பார்த்துப் போடுங்கள். விமானிகள் வெறுங்காலோடு வந்து உட்கார்ந்தார்கள். எங்க வீட்டுக்காரருக்கு அப்போதே அந்த நாட்டின் மேல் மரியாதை வந்துவிட்டது.

ரிசார்ட்டில் கடிகாரமே வேறு. மாலே நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறார்கள், சூரியனைக் கொஞ்சம் கூடுதலாக அனுபவிக்கட்டும் என்று. அதாவது இந்தியாவை விட அரை மணி முன்னால். மகளோடு போனில் பேசும்போது துபாய் நேரம், இந்திய நேரம், மாலே நேரம், தீவு நேரம் என்று நான்கையும் வைத்துக்கொண்டு திண்டாடினோம்.

வில்லாவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய அறை, நல்ல மெத்தை, வானம் தெரியும் குளியலறை, கடலுக்குப் பத்தடி தள்ளி ஒரு நீச்சல் குளம். கடல் பக்கத்திலேயே இருக்க அது எதற்கு என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி போலிருக்கிறது. மூங்கில் பல்துலக்கி, காகித ஸ்ட்ரா, பருத்திப் பை எல்லாம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பூமியைக் காப்பது பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்கள். பல்துலக்கி சீனாவிலிருந்து வந்தது.

இனி பின்வாசல். வாரத்தில் சில நாள் விருந்தினர்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள், காசு கிடையாது. கட்டாயம் போங்கள். என் கணக்கில் அந்த ரிசார்ட்டிலேயே உருப்படியான ஒரு மணி நேரம் அதுதான். மற்ற எல்லோரும் ஸ்பாவுக்குப் போய்விட்டார்கள், நாங்களும் ஒரு ஜெர்மன் தம்பதியும் மட்டும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை முதலில். அங்கேயே கண்ணாடி பாட்டிலில் அடைத்து அறைகளுக்கு அனுப்புகிறார்கள், காலி பாட்டில் திரும்ப வந்து கழுவப்படுகிறது. இது உண்மையான பசுமை, ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் பாட்டிலைக் கப்பலில் ஏற்றி வந்து, காலி பிளாஸ்டிக்கைத் திரும்பக் குப்பையாக ஏற்றி அனுப்பும் கூத்து இல்லை. ஆனால் கடலிலிருந்து ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் பிடிக்கும். அந்த மின்சாரம் பக்கத்துக் கொட்டகையில் ஓடும் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. ஊழியர் குடியிருப்பின் கூரை முழுக்க சோலார் தகடு போட்டிருக்கிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மொத்தத் தேவையில் எவ்வளவு அதிலிருந்து என்று கேட்டதற்கு இன்ஜினியர் தம்பி கொஞ்சம் தயங்கி, "வெயில் நல்லா அடிச்சா பகல்ல மூணுல ஒரு பங்கு வரும்" என்றார். ராத்திரிக்கு? டீசல்தான். அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ரிசார்ட்டின் விளம்பரத்தில் மட்டும் சோலார் தகட்டின் படம் முழுப் பக்கத்துக்கு வருகிறது, ஜெனரேட்டரைக் காணோம்.

குப்பைக் கொட்டகை சுத்தமாக இருந்தது. சமையலறைக் கழிவு உரமாகிறது, ஒயின் பாட்டில்களை நொறுக்கி கான்கிரீட்டில் கலக்கிறார்கள். மிஞ்சியது படகில் திலாஃபுஷிக்குப் போகிறது. மாலேக்குப் பக்கத்தில், குப்பையைக் கொட்டிக் கொட்டியே மேடாக்கிய தீவு அது. இந்தப் பசுமை ரிசார்ட்டின் மிச்சமும் மற்ற பல ரிசார்ட்டுகளின் மிச்சமும் அங்கேதான் சேர்கின்றன. அளவு குறைவு என்பது நிஜம், இல்லாமல் போகவில்லை.

கடைசியில் ஸ்டோர் ரூம். வலைச் சாக்கில் வெங்காயம் அடுக்கியிருந்ததைப் பார்த்ததுமே எங்க வீட்டுக்காரர் கிட்டே போய்ச் சாக்கின் குறியைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஸ்டோர் பார்க்கும் பையன் குளச்சல்காரன். "அக்கா, நீங்க தூத்துக்குடியா? இந்தச் சரக்கெல்லாம் அங்கேருந்துதான் வருது" என்று ஒரே சந்தோஷம். வெங்காயம், உருளை, முட்டை எங்கள் பக்கத்துச் சரக்கு. பிறகு குளிர் அறையைத் திறந்தான். நியூசிலாந்து ஆட்டுக்கறி, ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் வந்த ஸ்ட்ராபெர்ரி, ஆஸ்திரேலியச் சீஸ். ஒரு மூலையில் தொட்டூ தீவுத் தர்பூசணி. உள்நாட்டு விளைச்சல் என்று அங்கே சொல்லிக்கொள்ளக் கூடியது அதுவும் தோட்டத்துக் கீரையும்தான். 'தோட்டத்திலிருந்து தட்டுக்கு' என்று மெனுவில் எழுதியிருப்பதில் தோட்டம் கீரை அளவுக்கு உண்மை.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது ஒரே ஒரு விஷயத்தில். சாயங்காலம் நாலரை மணிக்கு ஒருவர் முதுகில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு புதர் புதராகக் கொசுப் புகை அடித்துக்கொண்டு போனார். அன்று காலையில்தான் இயற்கை நடை என்ற பெயரில் இந்தத் தீவில் எத்தனை வகை வண்ணத்துப்பூச்சி என்று காட்டினார்கள். கொசு இருக்கிறது, டெங்கு பயம் இருக்கிறது, எல்லாம் சரி. அதே அட்டோலில் புகையே அடிக்காமல், பொறி வைத்தும் தேங்கிய தண்ணீரை அகற்றியும் சமாளிக்கிற ரிசார்ட் இருக்கும்போது, பசுமைக்கென்று தனி விலை வாங்குகிறவர்கள் அதைச் செய்யாவிட்டால் எப்படி? கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. நம்ம ஊர் ஆபீஸ் பதிலேதான், ஆங்கிலம் மட்டும் கொஞ்சம் உயர்ந்த ரகம்.

சாப்பாடு: இந்திய உணவு என்று வைத்ததைத் தொடாதீர்கள், சாம்பார் இனித்தது. மீனும் மாலத்தீவுச் சாப்பாடும் கேட்டு வாங்குங்கள். அங்கே சூரை (டியூனா) மீனை வலை போட்டு அள்ளுவதில்லை, தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். தேவையில்லாத மீன் மாட்டிச் சாவது மிகக் குறைவு. இதற்கு 2012-இல் சர்வதேசச் சான்றிதழும் வாங்கியிருக்கிறார்கள். காலையில் மாஸ் ஹுனி: சூரை மீனோடு துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து ரோஷி என்ற ரொட்டியோடு தருவது. மாசிச் சம்பல் (மாசி என்றால் காயவைத்த சூரை மீன்) தின்று வளர்ந்த நாக்குக்கு வேறென்ன வேண்டும்? நாங்கள் சாப்பிட்டு வளர்ந்த மாசியே அந்தத் தீவுகளிலிருந்து தோணியில் வந்த பண்டம்தானே. குளச்சல் தம்பி ஊழியர் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு கிண்ணம் கருதியா கொண்டுவந்து கொடுத்தான், சூரை மீனை வெறும் உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்த சாறு. சோற்றில் ஊற்றி எலுமிச்சை பிழிந்தால் போதும். ரெஸ்டாரெண்டின் ஏழு வகை விருந்தைவிட அது மேல்.

கடலைப் பற்றி எழுத எனக்கு மனம் நிறைய இருக்கிறது. வில்லாவுக்கு எதிரே ஆழமில்லாத தண்ணீரில் கடற்புல் கருப்பாகப் படர்ந்திருந்தது. விளம்பரப் படங்களில் வரும் நீலத்தண்ணீர் வேண்டும் என்பதற்காகப் பல ரிசார்ட்டுகள் இதைப் பிடுங்கி எறிந்துவிடும். இங்கே விட்டுவைத்திருக்கிறார்கள். பக்கத்து வில்லாக்காரர் ரிசப்ஷனில் போய் 'தண்ணீர் அழுக்காக இருக்கிறது' என்று புகார் சொன்னார். அந்தப் புல்லை மேய ஆமை வருகிறது, மணல் அரித்துப் போகாமல் பிடித்து வைப்பதும் அதுதான் என்று கடல் ஆய்வாளர் பெண் அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். பசுமைக்கு நான் போடும் மதிப்பெண்ணில் பாதி இந்தப் புல்லுக்குத்தான்.

அங்கிருந்து படகில் ஹனிஃபாரு விரிகுடா. பா அட்டோலை யுனெஸ்கோ 2011-இல் உயிர்க்கோளக் காப்பகமாக்கியது, ஹனிஃபாரு அதற்கு முன்பே, 2009-இல், பாதுகாக்கப்பட்ட பகுதி. தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் மிதவை உயிரிகளைக் கொண்டுவந்து அந்தச் சின்ன விரிகுடாவுக்குள் அடைத்துவிடும், அதைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். சிலிண்டர் மாட்டி முங்க அனுமதி கிடையாது, மூச்சுக்குழாய் போட்டு மேலே மிதக்கலாம், அதுவும் 45 நிமிடம்தான். ரேஞ்சர்கள் கண்காணிக்கிறார்கள். நீச்சல் தெரியாத எனக்கு வழிகாட்டி ஒரு மிதவை வளையத்தைக் கொடுத்து, கூடவே இழுத்துக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தால் மூன்று மீட்டர் அகலச் சிறகை விரித்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. என் முகத்துக்கு நேரே வந்து, கடைசி நொடியில் வயிற்றைக் காட்டிக் கீழே சரிந்தது ஒன்று. திருக்கையைக் குழம்பில் மட்டுமே பார்த்தவர் எங்க வீட்டுக்காரர். படகில் ஏறியபின் வெகுநேரம் பேசவில்லை. அந்த நாட்டில் 2010-இல் சுறா பிடிப்பதை நிறுத்தினார்கள், 2014-இல் திருக்கைகளுக்கும் பாதுகாப்பு கொடுத்தார்கள். பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

பவளப்பாறை அந்த அளவுக்கு இல்லை. 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறி வெளுத்ததன் தழும்பு பல இடத்தில் இருக்கிறது. இரும்புச் சட்டத்தில் பவளத் துண்டுகளைக் கட்டி இறக்குகிறார்கள், நம் பெயரைப் பொறித்து ஒன்று இறக்க 200 டாலர். நான் கட்டவில்லை. எங்கள் ஊருக்கு எதிரே வான் தீவு இருக்கிறது. ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டிக்கொண்டு வந்து சுண்ணாம்பு சுட்டதில் தீவே கரைந்துகொண்டு போனது. பிறகு தூத்துக்குடி கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் சுற்றிலும் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதில் யார் பெயரும் பொறிக்கவில்லை.

ஆக பசுமைக்கு ஆறு. மண்ணுக்கும் தண்ணீருக்கும் உண்மையாகச் செய்கிறார்கள். டீசல், விமானம், குளிர் அறை பற்றி வாயே திறப்பதில்லை. முன்பதிவுக்கு முன்னால் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் சோலார், கொசுவுக்குப் புகை அடிப்பீர்களா, கடற்புல்லை விட்டுவைத்திருக்கிறீர்களா, பின்கட்டைப் பார்க்க விடுவீர்களா என்று மெயிலில் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் இடத்தில் தங்கலாம்.

கடலுக்காக மட்டும் போகிறவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. ஹனிஃபாருவுக்குப் பக்கத்திலேயே தரவந்தூ என்ற ஊர் மக்கள் வாழும் தீவு, விமான நிலையமே உண்டு. உள்ளூர்த் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு 2009-லிருந்து அனுமதி இருப்பதால் அங்கே தங்குவதற்கு ரிசார்ட் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். சாராயம் கிடைக்காது, உடுப்பு விஷயத்தில் ஊர்க் கட்டுப்பாடு உண்டு. எங்களுக்கு இரண்டும் பிரச்சினை இல்லை. அதே படகுப் பயணம், அதே 45 நிமிடம், அதே திருக்கை. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம் என்று ஏஜென்ட்டே விலையைக் குறைத்துச் சொல்வார், வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். மாண்டா வருவது அந்த மாதங்களில்தான்.