தானே ஓடும் வீடியோ: எந்த பிரவுசர் நிறுத்துகிறது, எது வாயை மட்டும் மூடுகிறது?

பக்கத்தைத் திறந்ததுமே ஓடத் தொடங்கும் வீடியோவால் தொல்லை இரண்டு. ஒன்று சத்தம். மற்றது, சத்தமே இல்லாமல் பின்னால் ஓடி டேட்டாவையும் பேட்டரியையும் தின்பது. சத்தத்துக்கு எல்லா பிரவுசரிலும் ஏதோ ஒரு கடிவாளம் இருக்கிறது. இரண்டாவதில்தான் சாயம் வெளுக்கிறது. நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் வரும் வீடியோ ஒரு நிமிடத்தில் 11 எம்.பி.க்கு மேல் இழுக்கும். மியூட் போட்டாலும் அதே 11 எம்.பி.தான்.

குரோம் 2018 ஏப்ரலில், 66ஆம் பதிப்பில், சத்தத்தோடு தானே ஓடும் வீடியோவுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மியூட் செய்யப்பட்ட வீடியோவுக்குத் தடையே கிடையாது, எப்போதும் ஓடும். சத்தத்தோடு ஓட வேண்டுமென்றால், நீங்கள் அந்தத் தளத்தில் எங்காவது கிளிக் செய்திருக்க வேண்டும், அல்லது கணினியில் அங்கே அடிக்கடி வீடியோ பார்த்திருக்க வேண்டும். இதற்கென்று குரோம் தளவாரியாக மதிப்பெண் போடுகிறது: டேப் முன்னால் இருக்க, சத்தத்தோடு, 7 நொடிக்கு மேல், 200×140 பிக்சலை விடப் பெரிய வீடியோவைப் பார்த்தால் கணக்கில் சேரும். பழகிய தளம் திடீரென்று கத்துவதும், புதுத் தளம் அமைதியாக இருப்பதும் இதனால்தான். பிரவுசிங் ஹிஸ்டரியை அழித்தால் மதிப்பெண்ணும் போய்விடும்.

குரோமில் நம் கையில் இருப்பது 'சவுண்ட்' செட்டிங் மட்டுமே: செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ், சவுண்ட். டேப் மேல் ரைட் கிளிக் செய்து 'மியூட் சைட்' கொடுத்தாலும் அதே வேலைதான்; ஒரு டேப் அல்ல, அந்தத் தளம் முழுக்க ஊமையாகும். படம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். டேட்டா சிக்கனம் வேண்டுபவருக்கு இது தீர்வே அல்ல.

ஃபயர்ஃபாக்ஸ் இங்கே முந்துகிறது. சத்தமுள்ள ஆட்டோபிளேயை, அதாவது வீடியோ தானே ஓடுவதை, 2019 மார்ச்சில் வந்த 66ஆம் பதிப்பிலிருந்தே தானாகத் தடுக்கிறது. மியூட் வீடியோவையும் நிறுத்தும் தேர்வு 69இல் சேர்ந்தது. செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் ஆட்டோபிளே என்று தேடி, 'பிளாக் ஆடியோ அண்ட் வீடியோ' தேர்ந்தெடுங்கள். விதிவிலக்கு வேண்டிய தளத்தைத் திறந்து, முகவரிப் பட்டையின் இடப்பக்க ஐகானில் அனுமதி கொடுக்கலாம்.

அப்படி வைத்தும் சில தளங்களில் வீடியோ ஓடும். காரணம், பக்கத்தில் எங்கே ஒரு கிளிக் விழுந்தாலும் ஃபயர்ஃபாக்ஸ் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது. குக்கீ பெட்டியை மூடுகிறீர்கள், மூலையில் வீடியோ கிளம்புகிறது. இதை இறுக்க, முகவரிப் பட்டையில் about:config என்று அடித்தால் திறக்கும் அபவுட்:கான்ஃபிக் என்ற உள் செட்டிங் பக்கத்தில் ஆட்டோபிளே என்று ஆங்கில எழுத்தில் தேடி, 'பிளாக்கிங் பாலிசி' என்று முடியும் வரியில் 0 என்பதை 2 ஆக்குங்கள். பிறகு ஒவ்வொரு வீடியோவுக்கும் தனித்தனிக் கிளிக் வேண்டும். விலையும் உண்டு: சில பிளேயர்களில் பிளே பட்டனை இரண்டு முறை அழுத்த நேரும். 0க்கும் 2க்கும் இடைப்பட்ட 1, கிளிக் செய்த சில நொடிகளுக்கு மட்டும் அனுமதிப்பது; 2 படுத்தினால் அதை முயலலாம்.

மேக்கில் சஃபாரி இதற்குச் சற்றும் குறைந்ததல்ல. 2017இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்தே செட்டிங்ஸின் 'வெப்சைட்ஸ்' பகுதியில் 'ஆட்டோ-பிளே' இருக்கிறது. 'நெவர் ஆட்டோ-பிளே' வைத்தால் மியூட் வீடியோவும் நிற்கும். கான்ஃபிக் பக்கம் துழாவ விரும்பாதவருக்கு இதுவே சுலபம். ஐபோன் சஃபாரியில் இந்தச் செட்டிங் இல்லை. அங்கே லோ பவர் மோடைப் போட்டால் மியூட் ஆட்டோபிளே நிற்கும், சுற்றுவழிதான்.

மைக்ரோசாஃப்டின் எட்ஜ், குரோமுக்கும் அடிப்படையான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டிருந்தாலும், 'மீடியா ஆட்டோபிளே' என்று தனிச் செட்டிங் வைத்திருக்கிறது. 'லிமிட்' என்பது உங்கள் பழைய பழக்கத்தைப் பார்த்து அதுவே முடிவெடுப்பது. 'பிளாக்' கண்ணில் பட்டால் அதை வையுங்கள்.

ஆண்ட்ராய்டில் ஒப்பிடவே வேண்டாம். குரோமில் சவுண்ட் செட்டிங் மட்டும்தான். ஃபயர்ஃபாக்ஸிலோ, மொபைல் டேட்டாவில் இருக்கும்போது மட்டும் ஆடியோவையும் வீடியோவையும் தடுக்கும் தேர்வு இருக்கிறது. வீட்டில் வைஃபை, வெளியே தினசரி டேட்டா வரம்பு என்று இருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஓடவிடாமல் தடுத்தாலும், தளம் முன்கூட்டியே இறக்கச் சொல்லியிருந்தால் வீடியோவின் முதல் பகுதி வந்து சேரும். அதையும் தடுக்க ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனைப் போட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மீடியாவைத் தடுக்கும் தேர்வை இயக்குங்கள். அதில் முதலில் இருக்கும் 50 கே.பி. மிகக் குறைவு, சாதாரணப் படங்களும் காணாமல் போகும். 500 வைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக வரும் ஸ்ட்ரீமிங் இதில் சிக்காமல் நழுவலாம். குரோமில் 2025இல் மேனிஃபெஸ்ட் வி2 என்ற பழைய முறையில் எழுதிய எக்ஸ்டென்ஷன்கள் நிறுத்தப்பட்டதால் யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் அங்கே ஓடாது.

எதைப் போட்டும் ஆடிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் ஜிஃப் படம். பிரவுசர் கணக்கில் அது வீடியோ இல்லை. ஃபயர்ஃபாக்ஸின் அதே அபவுட்:கான்ஃபிக்கில் 'இமேஜ்.அனிமேஷன்_மோட்' (image.animation_mode) வரியின் மதிப்பை 'நன்' (none) என்று மாற்றினால் அசையாது, 'ஒன்ஸ்' (once) என்றால் ஒரு சுற்றோடு நிற்கும். யூடியூபில் அடுத்த வீடியோ தானாகக் கிளம்புவதை மட்டும் பிரவுசரில் தேடாதீர்கள். அந்தச் சுவிட்ச் யூடியூப் பிளேயருக்குள்ளேயே இருக்கிறது.