கராஜ் சேலில் வாங்கிய ராட்செட்டுக்கு வாரண்டி கேட்கலாமா?

போன மே மாதம் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு கராஜ் சேலில், அதாவது வீட்டுக்காரர் தன் பழைய சாமான்களை வாசலில் வைத்து விற்கும் இடத்தில், 40 டாலருக்கு ஒரு தகரப் பெட்டி நிறைய ஸ்பேனரும் சாக்கெட்டும் வாங்கினேன். அடியில் இரண்டு ராட்செட் கிடந்தன. சாக்கெட்டை மாட்டி, கழற்றாமல் முன்னும் பின்னும் ஆட்டியே போல்ட்டை இறுக்கும் கைப்பிடிதான் ராட்செட். ஒன்று கடை ரகம்: பெரிய கடைகளில் தொங்கும், ரசீது இல்லாவிட்டாலும் மாற்றித் தருவார்கள். இன்னொன்று வேன் ரகம்: மெக்கானிக் ஷெட் வாசலுக்கே வேனில் கொண்டுவந்து விற்பது. அதன் கைப்பிடியில் பழைய சொந்தக்காரர் 'ஆர்.டி.' என்று பொறித்து வைத்திருந்தார்.

அக்டோபருக்குள் இரண்டுமே வழுக்க ஆரம்பித்தன. போல்ட்டை இறுக்கும்போது டிக் டிக்கென்று வரும் சத்தம் ஓரிடத்தில் விட்டுப்போகும். அடுத்த நொடி விரல் முட்டி எஞ்சினில் போய் இடிக்கும்.

தரத்தில் வேன் ரகம் ஒரு படி மேல், விலையோ பல மடங்கு. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் யோசித்தது வேறு: நான் ஒரு பைசா கொடுக்காத கம்பெனியிடம் போய்ப் புதுசு கேட்பது நியாயமா?

கடை ரகத்தில் கேட்கலாம் என்பதே என் கட்சி. காரணம், அந்த வாக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. இந்த ரகத்துக்கெல்லாம் முன்னோடி கிராஃப்ட்ஸ்மேன். 1927இல் சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடைத்தொடர் தொடங்கிய கருவி பிராண்ட். கைக்கருவி என்றைக்காவது திருப்தி தராவிட்டால் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்பதுதான் சியர்ஸ் சொன்னது. யார் வாங்கியது என்ற பேச்சே அதில் இல்லை. அதை 'முழு வாரண்டி' என்றே அச்சடித்தார்கள். 1975ஆம் ஆண்டு வந்த மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டப்படி அந்தச் சொல்லைப் போட்டால், வாரண்டிக் காலத்தில் பொருள் யார் கையில் இருந்தாலும் பொறுப்பேற்க வேண்டும். முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்றால் 'வரம்புக்குட்பட்ட வாரண்டி' என்று போட்டுக்கொள்ளலாம். ஆக, கருவி கைமாறும் என்று தெரிந்தேதான் சொன்னார்கள். அதுவே அவர்களுக்கு விளம்பரமும்கூட. அப்பா வாங்கிய ஸ்பேனரை மாற்ற வரும் மகன் போகிற போக்கில் ஒரு டிரில்லும் வாங்கிப் போவான் அல்லவா?

என் ராட்செட்டைக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பையன் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தான். "இது பழசா வாங்கினது" என்று நானாகவே சொன்னேன். பரவாயில்லை என்று பக்கத்துப் பெட்டியில் டங்கென்று போட்டுவிட்டுப் புதுசை எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான். பழையதில் யு.எஸ்.ஏ. என்று இருந்தது, புதியதில் தைவான். அந்த வருத்தம் தனி.

வேன் ரகத்தில் கதை வேறு. இப்படி வேனில் விற்கும் ஸ்னாப்-ஆன் கம்பெனி தன் வாரண்டியை முதலில் வாங்கியவருக்குத்தான் தருகிறது, அதுவும் கருவி அவரிடம் இருக்கும்வரைதான். அந்த விலையில் பாதி இரும்புக்கு என்றால் மீதி இந்தச் சேவைக்கு. வேன்காரரும் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர் அல்ல, பிரான்சைஸ் எடுத்து நடத்துகிறவர். வேனும் டீசலும் நேரமும் அவருடையவை.

ஷெட்டில் வேலை செய்யும் நண்பர் ஒருவர், "என்னுதுன்னு சொல்லி மாத்தித் தரேன், குடுங்க" என்றார். கொடுக்க மனம் வரவில்லை. கைப்பிடியில் ஆர்.டி. என்று இருக்கிறது, அவர் பெயரும் அது இல்லை, என் பெயரும் அது இல்லை. கடையில் உண்மையைச் சொல்லியே வாங்க முடிந்தது. இங்கே யாராவது ஒருவர் பொய் சொன்னால்தான் கிடைக்கும். எனக்கு அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. யார் நீட்டினாலும் மாற்றித் தரும் வேன்காரர்களும் உண்டு என்று நண்பர் சொல்கிறார். நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். விஷயம் தெரிந்தே கொடுத்தால் வாங்குவதில் தப்பில்லை என்று தோன்றுகிறது.

கடை ரகத்திலும் ஒரு கோடு இருக்கிறது. உடைந்த ஸ்பேனர்களை டாலருக்கு ஒரு வாளி என்று வாங்கி, கடையில் மாற்றி, புதுசாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாரண்டி வாசகம் அவர்களையும் தடுக்காதுதான். ஆனால் உடை, காலணி விற்கும் மெய்ன் மாநிலத்து எல்.எல்.பீன் கம்பெனி 2018 பிப்ரவரியில் தன் ஆயுள்கால வாக்கை நிறுத்தி, ரசீதோடு ஒரு வருடம் என்று சுருக்கியதற்குச் சொன்ன காரணங்களில், கராஜ் சேலில் பொறுக்கியதைக் கொண்டுவந்து பணம் கேட்டவர்களும் இருந்தார்கள். என்னுடையது என் கையில்தான் கெட்டது. வாங்கும்போதே லேசாக வழுக்கியதோ என்ற சந்தேகம் மட்டும் இன்னும் இருக்கிறது.

வேன் ராட்செட்டை நானே பிரித்தேன். உள்ளே கிரீஸ் கறுத்துக் கோந்தாகியிருந்தது. பல்லைப் பிடிக்கும் கொக்கியில் ஒரு மூலை மழுங்கியிருந்தது. ரிப்பேர் கிட் வாங்கி மாற்றினேன். அரிசி அளவு ஸ்பிரிங் ஒன்று துள்ளிக் காருக்கடியில் போய்விட, காந்தத்தை வைத்து அரைமணி நேரம் துழாவினேன். இப்போது கடையில் கிடைத்த புதுசைவிட இது நன்றாகவே சுற்றுகிறது.

அடுத்த கராஜ் சேலிலும் முதலில் கடை ரகத்தைத்தான் தேடுவேன். வேன் ரகம் கண்ணில் பட்டால், வாரண்டி கிடையாது என்று வைத்துக்கொண்டு, கிட் விலையைக் கழித்துத்தான் பேரம்.