எச்சரிக்கை: "முதலில் லைசென்ஸ், அப்புறம் வேலை" என்று சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்

3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போய்விட்டது. நேற்றுதான் உறுதியாகத் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

என் தங்கச்சி தஞ்சாவூரில் ஆறு வருடமாக ஐசியூ நர்ஸ். என் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சிங்கப்பூருக்கு முயற்சி செய்தோம். இங்கே சிங்கப்பூரில் தேக்கா பக்கம் மாடியில் ஒரு ஏஜென்சி. போனதும் "வாங்கக்கா, சாப்பிட்டீங்களா?" என்றார் அங்கிருந்த தம்பி. தங்கச்சியின் நர்சிங் கவுன்சில் சான்றிதழை பிளாஸ்டிக் உறையிலிருந்து மெதுவாக எடுத்தார். ஓரம் மடங்கியிருந்ததை நீவிவிட்டார். "இந்த அனுபவத்துக்கு மூணே மாசம்க்கா. நர்ஸ் லைசென்ஸ், அதான் தாதியர் வாரியப் பதிவு, அதை நாங்க முடிச்சுத் தர்றோம். அப்புறம் எந்த மருத்துவமனைன்னு அவங்களே பார்த்துக்கலாம்." அந்தக் காகிதத்தை அவ்வளவு மரியாதையாகத் தொட்டவர் ஏமாற்றுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து போனிலேயே பேநவ் (PayNow) வழியாக 3,800 வெள்ளி அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்துக் கேட்டால், "ஃபைல் வாரியத்தில இருக்கு." அடுத்த மாதம், "ஆபீசர் லீவு." அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேற்று நேரில் போனேன். வேறொரு பெண் ரசீதைத் திருப்பிக் காட்டி, "ஆலோசனைக் கட்டணம்னுதானே போட்டிருக்கு, ஆலோசனை சொல்லியாச்சே" என்கிறார்!

எங்கள் புளோக்கில் இருக்கும் தாதி ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இங்குள்ள மருத்துவமனையோ வேறு சுகாதார நிலையமோ முதலில் வேலை தர முன்வர வேண்டும். அந்த முதலாளி வழியாகத்தான் வாரியத்துக்கு விண்ணப்பம் போகும். அப்படியென்றால் எங்கள் ஃபைல் எங்கேயும் போகவில்லை, போகவும் முடியாது.

தங்கச்சி இப்போது பிரிட்டனுக்குப் பார்க்கிறாள். அங்கே பதிவுக்கு அவளே விண்ணப்பிக்கலாம், முதல் கம்ப்யூட்டர் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். "உன்கூட இருக்கணும்னுதான்க்கா ஆசை. ஆனா இனி யாரையும் நம்பிக் காத்திருக்க முடியாது" என்றாள். நான் என்ன பதில் சொல்வது?

மற்றவர்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள். ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் தேடுங்கள். ஒப்பந்த வருடம் ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம், அதற்கு மேல் தொழிலாளியிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது. வேலையே இல்லாதபோது எந்தச் சம்பளத்தை வைத்து 3,800 கேட்டார்கள்? நான் இதைக் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள். ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்று படித்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

ரசீது, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் வைத்து நாளை அமைச்சில் புகார் கொடுக்கிறேன். அந்த 3,800 வெள்ளியில் பாதி, தங்கச்சி நகைச் சீட்டுக் கட்டிச் சேர்த்தது.